நூலு அந்து போகுதுங்களா, கண்ணு?

தலைமைப் பண்பு பற்றிப் பேச வாருங்கள் என்று கல்லூரிகளிலிருந்து கூப்பிடுகிறார்கள். போகிறேன். சால்வை போர்த்துகிறார்கள், சின்னத் தொட்டியில் ஒரு செடியைக் கையில் கொடுக்கிறார்கள். என்னை அறிமுகம் செய்கிற பிள்ளை ஒவ்வொரு முறையும் ஒரே வாக்கியத்தைத்தான் படிக்கிறது: "இயந்திரத்துக்கு மனிதக் குரல் கொடுத்தவர்." கைதட்டுகிறார்கள். நான் எழுந்து மைக்கைப் பிடித்து, "நல்ல தலைவர் யார் தெரியுமா? கேட்கத் தெரிந்தவர்" என்று ஆரம்பிக்கிறேன். அதற்கும் கைதட்டுகிறார்கள். அதைச் சொல்லும்போதெல்லாம் என் மேலேயே காறித் துப்பலாம் போலிருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பழகிவிட்டது.

அந்தக் குரல் யாருடையது என்று எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

நான் கணியூர்ப் பக்கத்துப் பெண். கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. முடித்து, அங்கேயே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் மார்க்கெட்டிங் பிரிவில் சேர்ந்தேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் விற்பது எங்கள் தொழில். டெய்லர்களின் மெஷின் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பெட்டியை மாட்டுவோம். யார் எத்தனை பீஸ் தைத்தார்கள் என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். டார்கெட்டில் பின்தங்கினால் சிவப்பு விளக்கைப் போட்டு ஊளையிடும். ஓனர் தன் அறையில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் திரையில் பார்த்துக்கொள்ளலாம். இதுதான் எங்கள் சரக்கு.

சரக்கு போணியாகவில்லை. வாங்கிய நான்கைந்து பேரும் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பெட்டி ஊளையிடுகிற வேகத்தில் பெண்கள் பதறி, துணியோடு விரலையும் கொண்டுபோய் ஊசிக்கடியில் வைத்தார்கள். ஒரு கம்பெனியில் எல்லாப் பெட்டிகளின் வாயிலும் கட்டிங் வேஸ்ட்டைத் திணித்து அடைத்துவிட்டார்கள். கழற்றிப் பார்த்தபோது உள்ளே ரோஸ் கலர் பனியன் துணி. யார் வேலை என்று கேட்டதற்கு ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லையாம். எங்கள் மேலாளருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அவர் சென்னைக்காரர். "இந்த ஊர்க்காரங்களுக்கு டெக்னாலஜியே ஆகாதும்மா" என்று என்னிடம் சொன்னார். நானும் இந்த ஊர்க்காரிதான் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. நானும் நினைவுபடுத்தவில்லை.

எங்கே தப்பு என்று பார்த்து வா என்று என்னை வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனிக்கு அனுப்பினார். அங்கே ஆறு லைன், அதாவது ஆறு மெஷின் வரிசை. மூன்றாம் லைனில் மட்டும் பெட்டி ஊளையிடுவதே இல்லை என்று கணக்கு காட்டியது. பெட்டிதான் ரிப்பேர் என்று நினைத்துப் போனேன். பெட்டி நன்றாகத்தான் இருந்தது. அந்த லைனின் சூப்பர்வைசர் அக்கா, பெட்டி வாயைத் திறப்பதற்குள் போய் நின்றுவிடுவார்.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் டேப், தலையில் எப்போதும் ஒரு துணுக்குக் கனகாம்பரம். துணியை மடித்துக் கொடுக்கிற கைமடி வேலையில் ஆரம்பித்து, டெய்லராகி, முதுகு போன பிறகு சூப்பர்வைசர் ஆனவர். இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டுதான் நடப்பார்.

முதல் நாள் அவர் பின்னாலேயே சுற்றினேன். ஒரு பெண்ணிடம் பீஸ் தேங்கிக் கிடந்தது. தெற்கத்திப் பெண், தென்காசிப் பக்கம். அக்கா அவள் அருகில் போய்க் குனிந்து, "நூலு அந்து போகுதுங்களா, கண்ணு?" என்று கேட்டார். அறுந்து போவதைத்தான் எங்கள் பக்கம் அந்து போகிறது என்போம். நூல் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கே தெரிந்தது. அந்தப் பெண் நிமிர்ந்து, "இல்லக்கா, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு கையை வேகமாக்கினாள். கால் மணி நேரத்தில் தேங்கியது எல்லாம் தீர்ந்தது.

மத்தியானம் இன்னொரு பெண்ணிடம் இதே கேள்வி. அவள் பதில் சொல்லாமல் பொலபொலவென்று அழுதுவிட்டாள். குழந்தைக்குக் காய்ச்சல், பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அக்கா அவளை எழுப்பி, போன் பேசிவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். அந்த மெஷினில் தானே உட்கார்ந்து தைத்தார். அவள் திரும்பி வந்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். நிமிர்ந்து நிற்கவே கொஞ்ச நேரம் ஆனது.

"அவங்க மெதுவா தைக்கறதுதான பிரச்சினை? நீங்க எதுக்குக்கா நூலப் பத்திக் கேக்கறீங்க?" என்றேன்.

"குத்தத்த நூலு மேல போட்டா அந்தப் புள்ள தல நிமுந்து பதில் சொல்லுமுங்க. அது மேலயே போட்டா அழுகத்தான செய்யும்? ஏதோ ஒண்ணு இருந்தா அதுவே சொல்லிப்போடும். நாம கேட்டுப்போட்டு நிக்கோணுங்க. பதில் வர்ற வரைக்கும் நிக்கோணும். அவ்வளவுதானுங்க வேலையே."

எனக்கு அங்கேயே பொறி தட்டியது. அக்கா சொன்னதில் முன்பாதி மட்டும்தான் எனக்குக் கேட்டது. நிற்க வேண்டும் என்றது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. ஏறவில்லை என்று இன்று எழுதுகிறேனே, அதிலும் கொஞ்சம் பொய் இருக்கிறது. பெட்டிக்கு நிற்கத் தெரியாது என்பது தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

ஊளைக்குப் பதிலாக இந்தக் குரலைப் போடலாம் என்று மேலாளரிடம் போய்ச் சொன்னேன். 'கண்ணு', 'ங்க' எல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்றேன். "அந்துன்னா என்னம்மா, அந்துப்பூச்சியா?" என்று சிரித்தார். விளக்கியதும் சிரிப்பை நிறுத்திவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்றைக்குத்தான் முதன்முதலாக எனக்குச் சேர்த்து காபி வாங்கிவரச் சொன்னார்.

குரல் பதிவை வேலம்பாளையத்துக் கம்பெனியின் துணி கோடவுனிலேயே வைத்துக்கொண்டோம். சுற்றிலும் துணி ரோல் அடுக்கியிருந்ததால் வெளிச்சத்தம் உள்ளே வராது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா டிபன் பாக்ஸோடு வந்தார். மைக்கைப் பார்த்ததும் குரல் மாறிப்போனது. ரயில்வே அறிவிப்பு போல விறைப்பாக வந்தது. நான்கைந்து தடவை முயன்றும் சரியாகவில்லை.

"மொகத்தப் பாக்காம எப்படிங் கேக்கறது? ஆளு வேணுமுங்க" என்றார்.

அதனால் நான் அவருக்கு எதிரில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். டெய்லர் போலக் கையில் ஒரு துணியை வைத்துக்கொண்டு குனிந்துகொண்டேன். அக்கா என் பக்கம் சாய்ந்து, "நூலு அந்து போகுதுங்களா, கண்ணு?" என்றார். நான் அனிச்சையாக, "இல்லீங்கக்கா" என்றுவிட்டேன். பதிவு செய்கிறவர் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி எடுத்தோம். இந்த முறை நான் பதில் சொல்லவில்லை. அக்கா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பதிலுக்கு. எடிட்டிங்கில் அந்த இடைவெளியை வெட்டிவிட்டோம்.

"தண்ணி குடிச்சீங்களா, கண்ணு?", "மூணாம் லைனக் கொஞ்சம் பாருங் கண்ணு", "கைவலிங்களா, கண்ணு?" என்று நாற்பது வாக்கியம் எடுத்தோம். எல்லாமே என் முகத்தைப் பார்த்துச் சொன்னவை.

முடிந்ததும் ஆங்கிலத்தில் அடித்த ஒரு காகிதத்தை நீட்டினேன். குரலை எப்படி வேண்டுமானாலும், எத்தனை காலம் வேண்டுமானாலும் கம்பெனி பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. அக்கா அதைப் படிக்கவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதனால எம்பட வேலைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே, கண்ணு? மறுபடி மெஷின்ல உக்காரச் சொன்னா முடியாதுங்க. டாக்டரு கண்டிசனா சொல்லிப்போட்டாரு. முதுகு நெலமதான் தெரியுமுங்களே."

"உங்க கொரலே வேணும்னு கேக்கறோம், உங்கள எப்படிக்கா போகச் சொல்லுவாங்க? அப்படி ஏதாவது ஆச்சுன்னா எங்க கம்பெனிக்கு வந்துருங்க. புதுசா வாங்கற எடத்துலயெல்லாம் சொல்லிக் குடுக்க ட்ரெயினர் வேணும். நான் பாத்துக்கறேன்."

அவர் கையெழுத்துப் போட்டார். நான் அப்போது பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நடக்கும் என்று நிஜமாகவே நம்பினேன். எனக்குச் சாதகமாக இருக்கிற எதையும் நம்புவது எனக்குச் சுலபம்.

புதுப் பெட்டி பிய்த்துக்கொண்டு போனது. ஓனர்கள் கேட்டதும் சிரித்தார்கள், இரண்டாம் தடவை போடச் சொல்லிக் கேட்டார்கள். "நம்மூருப் பேச்சுங்க" என்று ஒருவர் நெஞ்சில் கைவைத்தார். முதல் சில வாரங்கள் டெய்லர்கள் பெட்டிக்குப் பதில் சொன்னார்கள். "இல்லீங்கக்கா", "ஆமாங்கக்கா, நூலு டென்ஷன் சரியில்லீங்க" என்று பெட்டியைப் பார்த்துப் பேசினார்கள். அதை வீடியோ எடுத்துப் போட்டேன். பல பேர் பார்த்தார்கள், மேலாளர் என்னை எல்லார் முன்னாலும் பாராட்டினார். பெட்டி பதிலைக் காதில் வாங்குவதில்லை, அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்று தெரிந்ததும் அவர்கள் பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். அதை நான் வீடியோ எடுக்கவில்லை.

பிறகு மேலாளர், விளம்பரத்துக்கு ஓனர் மனதில் தைப்பது போல ஒரே ஒரு வரி வேண்டும் என்றார். கம்பெனிக்கு எதிரிலிருந்த பேக்கரியில் டீயும் பப்ஸும் வாங்கி வைத்துக்கொண்டு யோசித்தேன். டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது.

"இனி லைனுக்கு ஒரு சூப்பர்வைசர் எதற்கு?"

யாரும் சொல்லிக் கொடுத்து எழுதியதில்லை. என் கையால், என் போனில், நானே தட்டிய வரி. எழுதி முடித்ததும் அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. வந்தது என்பதைத்தான் நான் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நினைப்பை ஒதுக்கிவிட்டு வரியை மேலாளருக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் அனுப்பினார், அதற்குப் பின்னால் இன்னொன்று.

என் வரியைச் சொன்னபடி கேட்ட முதல் கம்பெனி வேலம்பாளையத்துக் கம்பெனிதான். ஆறு லைனுக்கும் சேர்த்து, இந்தி தெரிந்த ஒரு பையனைப் போட்டுவிட்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள்.

அக்கா போன் செய்தார். நான் மீட்டிங்கில் இருந்தேன். வெளியே வந்து எடுத்தேன்.

"கண்ணு, நாளையிலிருந்து வர வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. இல்லாட்டி மெஷின்ல உக்காருங்கறாங்க. கொரலுதான் பொட்டிக்குள்ள இருக்குதே, ஆளு எதுக்குன்னு ஓனரே சொல்லிச் சிரிக்கறாருங்க. நீங்க ட்ரெயினருன்னு ஒண்ணு சொன்னீங்கல்ல, அதான் கேக்கலாம்னு..."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேலாளர் என்னைப் பார்த்துக் கையாட்டிக் கூப்பிட்டார்.

"பாக்கலாங்கக்கா" என்றேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் யாருக்கும் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்வதில்லை. அது மரியாதை இல்லை. பொண்ணு பிடிக்கவில்லையா, நிலம் வாங்க இஷ்டமில்லையா, "பாக்கலாங்க" என்போம். கேட்டவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொள்வார். கொங்கு நாட்டில் பிறந்த யாருக்கும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை.

அக்காவுக்கும் வேண்டியிருக்கவில்லை. "சரிங் கண்ணு. நீங்க வேலையப் பாருங்க" என்று வைத்துவிட்டார்.

நான் கேட்டிருக்கலாம். ட்ரெயினர் வேலைக்கு அப்போது ஆள் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். டிகிரி வேண்டும் என்று விதி இருந்தது, ஆனால் விதியைத் தளர்த்தச் சொல்லி ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாய் இருந்தது. அந்த வாரம்தான் மார்க்கெட்டிங் ஹெட் பதவிக்கு என் பெயர் போயிருந்தது. அந்த நேரத்தில் பத்தாவது தாண்டாத ஒரு பெண்ணுக்குச் சிபாரிசு பிடித்துக்கொண்டு நின்றால், இவள் இளகிய மனசுக்காரி, தலைமைக்கு லாயக்கில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். பதவி வந்தது. கண்ணாடி அறை கொடுத்தார்கள். அக்காவின் எண் என் போனில் இன்னும் இருந்தது. அழைப்பு எதுவும் வரவில்லை. வராததற்கு நான் உள்ளூர நன்றியோடு இருந்தேன், அதுதான் எல்லாவற்றிலும் கேவலம்.

இரண்டு வருடம் கழித்து, எங்கள் கம்பெனியில் முதலீடு செய்ய மும்பையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பெட்டி வேலை செய்வதை நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள். திருமுருகன்பூண்டியைத் தாண்டி ஒரு புது யூனிட்டுக்குக் கூட்டிப்போனேன். வழியில் சிலை செதுக்குகிற இடங்களைப் பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

யூனிட்டில் பாதிப் பேர் வடக்கத்திப் பெண்கள். அவர்களில் ஒருத்தியிடம், பெட்டி சொல்வது புரிகிறதா என்று வந்தவர்களில் ஒருவர் இந்தியில் கேட்டார். அவள் தலையாட்டினாள். தமிழ் தெரியுமா என்றார். "தோடா தோடா" என்றாள், கொஞ்சம் கொஞ்சம் என்று. சரி, கண்ணு என்றால் என்ன என்றார்.

"கண்ணு மத்லப் ஜல்தி" என்றாள்.

அவர்கள் சிரித்தார்கள். பிள்ளைகளைக் கொஞ்சுகிற சொல், அம்மா என்னைத் தூங்க வைக்கக் கூப்பிட்ட சொல், அந்தப் பெண்ணுக்கு 'சீக்கிரம்' என்று அர்த்தமாகியிருந்தது. அவள் மேல் தப்பில்லை. பெட்டி அதைச் சொல்லும்போதெல்லாம் அவளிடம் வேகத்தைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை.

அப்போதுதான் அடுத்த வரிசையில், ஓவர்லாக் மெஷினில், கனகாம்பரத்தைப் பார்த்தேன்.

அக்கா குனிந்து தைத்துக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் ஒரு துணி மூட்டையை முட்டுக் கொடுத்திருந்தார். முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. பீஸ் தேங்கிக் கிடந்தது. நான் வந்தவர்களை வேறு பக்கம் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தேன். அதற்குள் அவர்களில் மூத்தவர் அந்தத் தேங்கலைக் கவனித்துவிட்டார். "இங்கே நிற்போம், பெட்டி என்ன செய்கிறது பார்ப்போம்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, அக்காவின் மெஷின் அருகிலேயே நின்றுகொண்டார். அக்கா நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. தெரிந்த ஆளைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

பெட்டியில் விளக்கு எரிந்தது.

"நூலு அந்து போகுதுங்களா, கண்ணு?"

அவருடைய குரலேதான். துணி கோடவுனில் என் பக்கம் சாய்ந்து கேட்ட அதே குரல், இரண்டு வருடத்துக்கு மேலாகியும் கொஞ்சமும் மூப்படையாமல்.

அக்கா தைப்பதை நிறுத்தினார். பெட்டியின் பக்கம் திரும்பவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"ஆமாங் கண்ணு. அந்து போச்சுங்க."

நான் ஊசியைப் பார்த்தேன். நூல் கோத்தபடியே இருந்தது.

அக்கா பதிலுக்குக் காத்திருந்தார். இந்த முறை வெட்டுவதற்கு எடிட்டிங் எதுவும் இல்லை.

"என்ன சொல்கிறார்?" என்றார் மூத்தவர்.

இரண்டு வார்த்தையில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இது இந்த அம்மாவின் குரல் என்றாவது சொல்லியிருக்கலாம்.

"பெட்டி கேட்டதற்குப் பதில் சொல்கிறார்" என்றேன் ஆங்கிலத்தில். "எங்கள் பெட்டியை இவர்கள் மெஷினாகவே நினைப்பதில்லை. ஆளாக நினைத்துப் பேசுகிறார்கள்."

அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். கால் பெடலை மிதிக்க, மெஷின் ஓட ஆரம்பித்தது.

மூத்தவர் முகமெல்லாம் மலர்ந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்கள் இயந்திரத்துக்கு மனிதக் குரல் கொடுத்திருக்கிறீர்கள்" என்றார்.

நான் அவருக்கு நன்றி சொன்னேன்.